நம் சகோதரர் செண்பகராமன்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இந்த அனந்தபுரியில் தமிழ்க் குடும்பமொன்றில் பிறந்து, பாரத விடுதலைப் போருக்கே வாழ்வை ஈந்த நம் சகோதரர் செண்பகராமன் பிள்ளையைப் பற்றிப் பேசுமாறு என்னைப் பணித்தீர்கள். நன்றி.

1891-ஆம் ஆண்டு செப்டம்பர்த் திங்களில், சின்னசாமிப் பிள்ளை, நாகம்மாள் தம்பதியருக்குப் பிறந்தவர் அவர். இளமையிலேயே, சர் வால்டர் ஸ்டிரிக்லண்டு என்ற ஆங்கிலேய இயற்கைநூல் அறிஞரின் துணையால் ஐரோப்பா சென்றார். ஆங்கிலேயர் ஒருவர் கைப்பிடித்து அழைத்துச் சென்ற பிள்ளையே ஆங்கில ஆட்சியின் பகைவரானார்! 1914-இல் சூரிச்சு நகரில் இந்திய ஆதரவுச் சங்கம் கண்டார். பின்னர் பெர்லினில் இயங்கிய இந்திய விடுதலைக் குழுவில் பணியாற்றினார். ஜெர்மானியரிடம் சிறைப்பட்ட இந்தியச் சிப்பாய்களிடையே விடுதலை வேட்கையை விதைக்க முயன்றது அக்குழு. 1915 டிசம்பரில் இராஜா மகேந்திர பிரதாப் காபூலில் அமைத்த தற்காலிக இந்திய அரசில், அயல்நாட்டு அமைச்சர் பொறுப்பு இவருக்கே தரப்பட்டது.

அன்பர்களே, இவர் பெயரைக் கேட்டவுடன் நம்மவர் 'எம்டன்' கப்பலையே நினைப்பர். 1914 செப்டம்பர் 22 இரவு அக்கப்பல் சென்னை மீது குண்டு வீசிற்று. எண்ணெய்க் கிடங்குகள் பற்றி எரிந்தன. அஞ்சா நெஞ்சனை 'எம்டன்' என்று நாம் அழைப்பதும் அன்று தொடங்கியதே. அக்கப்பலில் செண்பகராமனும் இருந்தார் என்பது நெடுநாள் வழங்கும் கதை. ஆனால் எம்டன், போர் மூளும் தறுவாயில் சீனத்துச் சிங்தாவ் துறைமுகத்திலிருந்து புறப்பட்டது. ஐரோப்பாவை எட்டாமலே அவ்வாண்டு நவம்பரில் கோகோசுத் தீவில் அழிந்தது. ஐரோப்பாவில் இருந்தவர் அதில் ஏறியது எங்ஙனம்?

இதைச் சொல்வது அவர் புகழைக் குறைப்பதற்கன்று. உடன்பிறந்தானை உள்ளபடியே நேசிப்பதுதான் அன்பு. பீரங்கிக்கு அருகில் நின்றவர் என்பதைவிட, படையும் பொருளுமின்றி அந்நிய நாட்டில் இருபது ஆண்டுகளுக்கு மேல் தளராது உழைத்தவர் என்பதே பெரிதன்றோ?

1934 மே மாதத்தில், தம் நாற்பத்திரண்டாம் வயதில், பெர்லினில் அவர் மறைந்தார். சுதந்திர இந்தியாவின் கொடி பறக்கும் போர்க்கப்பலில் தாயகம் திரும்ப வேண்டும் என்பது அவர் விருப்பம் என்பர். அவருடைய மனைவியார் இலட்சுமிபாய் அம்மையார் அவருடைய அஸ்தியைப் பல்லாண்டுகள் கண்ணெனக் காத்தார். 1966-இல் நம் கடற்படையின் 'டெல்லி' என்னும் போர்க்கப்பல் அதனைக் கொச்சித் துறைமுகத்திற்குக் கொணர்ந்தது. கதையிலே அவரை ஏற்றிய கப்பல் வேறு. உண்மையிலே அவரைச் சுமந்து வந்த கப்பல் இதுவே!

சென்னையில் காந்தி மண்டப வளாகத்தில் அவருக்குச் சிலை உண்டு. அவர் பிறந்த இவ்வூரில் வாழும் நாம் செய்யத்தக்கது ஒன்றுண்டு: நம் இல்லத்துச் சிறார்க்கு அவர் வரலாற்றை, மிகையும் குறையுமின்றி, நம் தாய்மொழியில் சொல்லுவோம். பிறந்த மண்ணை விட்டு நெடுந்தொலைவு வாழ்ந்தும் அதை மறவாதவரை, நாமும் மறவாதிருப்போமாக.