குழாயும் கூரையும்



2000-க்குப் பின் எழுந்த குடிசைகளுக்குத் தண்ணீர் இல்லை என்பதே பம்பாயில் கொள்கையாக இருந்தது. தண்ணீர் உயிர்வாழும் உரிமையில் அடங்கும் என்று உயர்நீதிமன்றம் 2014 டிசம்பரில் தீர்ப்பளித்தது. தீர்ப்பு தானாகக் குழாயில் ஒழுகாது. மனுப் போட வேண்டும். குடிசைப் பகுதியில் பல குடும்பங்களுக்கு ஒரே மீட்டர். பில் பணத்தை வாங்கியவர் கட்டாமல் விட்டால் அத்தனை பேர் குடமும் காலி. ஆகவே ரசீதைக் கேட்டுப் பாருங்கள். கேட்டால் கோபிப்பார்கள், கோபிக்கட்டும்!

அடுக்குமாடிக்கு மாறிய நம்மவர்களுக்கு வேறு தொல்லை. தண்ணீரை மேல்தொட்டிக்கு ஏற்றும் பம்பின் கரண்டு பில் சொசைட்டியின் தலையில் விழுகிறது. 2024-இல் தொடங்கிய பிரதமர் சூர்ய கர் திட்டத்தில் தனி வீட்டுக்கு 3 கிலோவாட்டுக்கு 78,000 ரூபாய் மானியம் என்று முழங்கினார்கள். அதற்குச் சொந்தக் கூரை வேண்டும். நம்மில் எத்தனை பேருக்கு உண்டு? ஆனால் சொசைட்டியின் பொதுத் தேவைகளுக்கும் கிலோவாட்டுக்கு 18,000 ரூபாய் வைத்திருக்கிறார்கள். அதை யாரும் உரக்கச் சொல்வதில்லை. 10 கிலோவாட் வரை தொழில்நுட்ப ஆய்வு தேவையில்லை என்று 2024-லேயே விதியைத் திருத்தியும் விட்டார்கள்.

சொசைட்டிக் கூட்டத்தில் தீர்மானம் போடுங்கள். மராத்தியில் மனு எழுதித் தர ஞாயிறு மாலை சங்கத்தில் இருப்போம். பக்கத்து வீட்டு மராத்தியரையும் வடநாட்டாரையும் அழைத்து வாருங்கள். அவர்களுக்கும் அதே மீட்டர்தான்.