வள்ளிக்கு யார் எழுதிக் கொடுத்தது?

(வட்டார வள மையத்தில் நடந்த ஆசிரியர் பயிற்சியில் ஆற்றிய உரை)



புதுக்கோட்டைப் பக்கம் ஒரு கிராமம் எங்களுடையது. நான்காம் வகுப்பு படித்தபோது, பங்குனித் திருவிழாவில் முதன்முதலாக இசை நாடகம் பார்த்தேன். நாடகம் 'வள்ளி திருமணம்'. சாக்கை விரித்து அப்பத்தா மடியில் சாய்ந்திருந்தேன். இரவு பத்து மணிக்கு ஆர்மோனியம் ஒலித்தது. பபூன் வந்து சிரிக்க வைத்தார். நள்ளிரவுக்கு மேல் வள்ளி வந்தாள். நாரதர் கேட்ட கேள்விக்கெல்லாம் பாட்டாகவும் பேச்சாகவும் சளைக்காமல் பதில் சொன்னாள். என் தூக்கம் போய்விட்டது.

"அப்பத்தா, இதெல்லாம் யாரு எழுதிக் குடுத்தது?"

"பாட்டு வாத்தியார் எழுதுனது. தர்க்கம் அவ சொந்தப் புத்தித்தா."

அந்த வாத்தியார் சங்கரதாஸ் சுவாமிகள் (1867–1922) என்பது பின்னாளில்தான் தெரிந்தது. 'ஸ்பெஷல் நாடகம்' என்று நாம் சொல்லும் இவ்வகையில், நடிகர்கள் தனித்தனி ஊர்களிலிருந்து வருவார்கள். சேர்ந்து ஒத்திகை பார்ப்பதில்லை. கதையும் பாட்டும் எல்லாருக்கும் பாடம். மற்றதை மேடையில் எதிரே நிற்பவர் சொல்வதைக் கேட்டுத்தான் பேச வேண்டும். 1918இல் சுவாமிகள் மதுரையில் தொடங்கிய நாடக சபையில் நடித்தவர்கள் சிறுவர்கள். டி.கே.எஸ். சகோதரர்கள் அங்கே பயின்றவர்களே.

மறுநாள் வகுப்பில் தூங்கிவிட்டேன். ஆசிரியர் அடிக்கவில்லை. மதியம் எழுப்பி, "வள்ளி என்னம்மா பதில் சொன்னா?" என்று கேட்டார். வகுப்பின் முன் நின்று நான் வாய் திறந்தது அன்றுதான்.

இவ்வளவும் மறந்துவிட்டது எனக்கு. போன பங்குனியில் என் ஐந்தாம் வகுப்பில் ஒருவன் தூங்கி விழுந்தான். திட்டி, பாடவேளை முடியும்வரை நிற்க வைத்தேன். "ராத்திரி நாடகம் பாத்தான் டீச்சர்" என்றாள் பக்கத்தில் இருந்த சிறுமி. சுருக்கென்றது. அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு, "நாரதர் என்னப்பா கேட்டாரு?" என்றேன். ஒரு பத்தி வாசிக்கத் திணறுபவன், பத்து நிமிடம் நாரதராகவும் வள்ளியாகவும் மாறி மாறிப் பேசினான். அவன் சொன்னதையே கரும்பலகையில் எழுதி, அவனையே வாசிக்கச் சொன்னேன்.

இன்னும் தடுமாறித்தான் வாசிக்கிறான். ஆனால் இப்போது கை தூக்குகிறான்.

நம் வகுப்பில் எழுதிக் கொடுத்த விடைக்கு நிறையவே இடம் இருக்கிறது. பிள்ளையின் சொந்தப் புத்திக்கு நாளுக்குப் பத்து நிமிடமாவது ஒதுக்குவோம்.