ஏரி ஒன்று, மதகு பல

ஒரகடத்துத் தொழிற்சாலையொன்றில் நான் பணியாற்றிய காலத்தில், எல்லாத் துறைகளுக்கும் பொதுவாக ஒரே வட்டுத் தொகுதி இருந்தது. ஒரு வட்டு பழுதுற்றாலும் செய்தி அழியாதவாறு பல வட்டுகளை இணைத்தாளும் இம்முறையைக் கலிபோர்னியாப் பல்கலைக்கழக அறிஞர் மூவர் 1988-இல் விளக்கினர். சிக்கனமான ஏற்பாடுதான். ஆயினும் ஒருநாள், தரச் சோதனைத் துறையின் படங்கள் இடம் முழுவதையும் நிரப்பிவிட்டன. கணக்குத் துறையினர் சம்பளப் பட்டியலைப் பதிய இயலாது தவித்தனர். தொழிலாளர் ஊதியம் இரண்டு நாள் தாமதமாயிற்று.

அருகிலுள்ள செம்பரம்பாக்கம் ஏரியைப் பாருங்கள். நீர் பொது, மதகுகள் தனித்தனி அல்லவா? அவ்வாறே துறைதோறும் இட அளவை வரையறுத்தோம். ஒரு துறையின் பகுதி பிற துறைக் கணினிகளுக்குப் புலப்படாதவாறும் செய்தோம். பொதுவில் பங்கு பெறுவோர்க்கு வரம்பே பாதுகாப்பு என்பதை அன்று கற்றேன்.