நுரை விமானத்தின் பாரமும் பழுதும்

ரிமோட்டில் இயங்கும் மாதிரி விமானங்கள் இன்று பெரும்பாலும் நுரையால் செய்யப்படுகின்றன. பல்சா மரச் சட்டத்தில் மெல்லிய தாள் போர்த்திய பழைய விமானம் விழுந்தால் சட்டமே நொறுங்கும், திருத்த வாரக்கணக்காகும். நுரை விமானம் நசுங்கும், பிளக்கும். அரை மணி நேரத்தில் ஒட்டியும் விடலாம். ஆனால் ஒட்டியபின் அது முன்போலவே பறக்குமா என்பது, ஒட்டியவர் தராசைக் கையில் எடுத்தாரா என்பதைப் பொறுத்தது.

முதலில் நுரையை இனங்காண வேண்டும். ரெஜிபோம் எனப்படுவது பொலிஸ்டைரீன் மணிகள் ஒட்டிய நுரை; 2017 செப்டெம்பரில் இலங்கை தடைசெய்த உணவுப் பெட்டிகளும் இதனால் ஆனவையே. இலேசானது, ஆனால் மடித்தால் முறியும். பொலிபுரோப்பிலீன் நுரை நேர்மாறானது. வளைந்து நிமிரும், ஆனால் தொய்யும். கடையில் வாங்கும் விமானங்களில் பல, இவ்விரண்டுக்கும் இடைப்பட்ட பொலியோலெஃபின் நுரையில் வருகின்றன. சாதாரண சூப்பர் குளூ ரெஜிபோமை அரித்துக் குழியாக்கும். பெற்றோலும் தினரும் கரைத்தே விடும். மற்ற இரண்டிலும் சூப்பர் குளூ நன்றாகப் பிடிக்கும். ஆகவே கழித்த துண்டொன்றில் ஒரு சொட்டு விட்டுப் பார்த்த பிறகே விமானத்தில் பூச வேண்டும்.

நசுங்கிய மூக்கு பொலியோலெஃபின் என்றால் கொதிநீர் போதும். நுரைக்குள் அடைபட்ட காற்று சூட்டில் விரிந்து, நசுங்கிய மணிகள் மெல்ல உப்பும். ரெஜிபோமில் இந்த வைத்தியம் ஆபத்தானது. கொதிநிலைச் சூட்டில் பொலிஸ்டைரீன் இளகிச் சுருங்கும். முறிந்த இறக்கையை ஒட்டும்போது உடைந்த முகங்களைத் தேய்த்து மட்டமாக்கக் கூடாது. முறிந்த மணிகள் ஒன்றோடொன்று பொருந்தும் இடம்தான் பழைய கோணத்தைச் சொல்லும் ஒரே சாட்சி. ஐந்து நிமிட எபொக்சியை மெல்லிசாகப் பூசி, மூங்கில் குச்சியையோ கார்பன் கம்பியையோ குறுக்கே புதைத்து, கீழ்ப்பக்கத்தில் நார் ஓடிய டேப்பை ஒட்டினால் மூட்டு உறுதியாகும். பறக்கும்போது இறக்கையின் கீழ்ப்பக்கமே இழுபடுவதால் டேப்பின் இடமும் அதுவே. ஹொட் குளூ விரைவானது, ஆனால் கனம் கூடியது. மதிய வெயிலில் இளகவும் செய்யும்.

இனிப் பாரம். விமானத்தின் புவியீர்ப்பு மையம் எங்கே விழுகிறது என்பதே எல்லாவற்றையும் தீர்மானிக்கிறது. நேர் இறக்கை கொண்ட பயிற்சி விமானத்தில் அது இறக்கை அகலத்தின் முன்விளிம்பிலிருந்து 25 முதல் 33 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும். அகலம் 20 சென்ரிமீற்றர் என்றால் 5 முதல் 6.6 சென்ரிமீற்றர் வரை. பற்றரியைப் பொருத்தி, அந்த இடத்தில் இரு விரல் நுனிகளால் இறக்கையைத் தாங்கினால் விமானம் மட்டமாகவோ மூக்கு சற்றுத் தாழ்ந்தோ நிற்க வேண்டும். மூக்கு கனத்தால் விமானம் மந்தமாகும், வேகமாகத் தரையிறங்கும். வால் கனத்தால் ஒரு சிறு காற்றுக்கே மூக்கு எகிறி, கட்டுப்பாடு கைநழுவும். பழுதுபார்ப்பில் பெரும்பாலும் நேர்வது இந்த இரண்டாவதுதான். மையத்துக்கு 60 சென்ரிமீற்றர் பின்னே வாலில் 10 கிராம் பசை சேர்ந்தால், அதை ஈடுகட்ட 15 சென்ரிமீற்றர் முன்னே மூக்கில் 40 கிராம் வேண்டும். பத்துக் கிராம் பசை விமானத்துக்கு ஐம்பது கிராம் சுமையாகிறது!

மூக்கில் பாரமாக ஈயம் வைப்பதற்கு முன் பற்றரியை நகர்த்திப் பார்ப்பதே கெட்டித்தனம். ஒரு கிலோ விமானத்தில் 180 கிராம் பற்றரி ஒரு சென்ரிமீற்றர் முன்னே போனால் மையம் 1.8 மில்லிமீற்றர் நகரும். வல்வெட்டித்துறையில் தைப்பொங்கலுக்குப் பட்டம் ஏற்றுவோர், பட்டத்தின் கட்டுநூலான முச்சையை விரலகலம் மாற்றினால் பட்டத்தின் குணமே மாறுவதை அறிவார்கள்; இங்கும் கணக்கு அத்தனை நுட்பமானது. இடவலச் சமநிலையும் பார்க்க வேண்டும். மூக்கையும் வாலையும் பிடித்துத் தூக்கும்போது எப்போதும் ஒரே இறக்கை தாழ்ந்தால், மறுநுனியில் ஒரு நாணயத்தைப் பதித்தால் போதும். இறுதிச் சோதனை வானில்தான். போதிய உயரத்தில் 45 பாகை சரிவில் இறக்கி, கைப்பிடியை நடுவில் விட்டால் விமானம் மெதுவாக நிமிர வேண்டும். வெடுக்கென நிமிர்ந்தால் மூக்குக் கனம்; மேலும் குத்தினால் வால் கனம்.

இனி, மாத்தளையில் பறக்கவிடுவோருக்கு. மாத்தளை நகரம் கடல் மட்டத்திலிருந்து ஏறக்குறைய 360 மீற்றர் உயரத்தில் இருப்பதால் காற்றின் அடர்த்தி மூன்று நான்கு சதவீதம் குறையும். அது பெரிய விஷயமல்ல. காற்றின் வேகமே விஷயம். தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தம்புள்ளைப் பக்கத்து வெளிகளில் இலேசான விமானம் அலைக்கழியும். அதிகாலையே பாதுகாப்பான நேரம். பெரும்போக அறுவடை முடிந்த வயல், உடையாமல் இறங்க நல்ல தரை.

மாத்தளை மாவட்டத்தில் சீகிரியா விமானத்தளம் இருக்கிறது, சீகிரியா மலையும் தம்புள்ளைக் குகை விகாரையும் உலக மரபுரிமைத் தலங்கள். ஆகவே பறக்கவிட எண்ணுவோர் இடத்தைத் தெரிவுசெய்யும் முன் சிவில் விமான சேவைகள் அதிகாரசபையின் நடப்பு விதிகளைக் கேட்டறிந்து, வயலின் சொந்தக்காரரிடமும் அனுமதி பெற்றுக்கொள்ள வேண்டும்.