கரையில் ஒரு நாள்

(நமது சங்கத்தின் மூத்தோர் மாலைக் கூட்டத்தில் பேசியது)

ஓய்வு நேரத்தை எப்படிக் கழிப்பது என்று பேசச் சொன்னார்கள். எனக்கே அது இன்னும் பிடிபடவில்லை. அதனால் ஒரு மாலுமியின் கதையைச் சொல்கிறேன்.

ஜோஷுவா ஸ்லோகம் என்று ஒருவர். கனடாவில் பிறந்த அமெரிக்கக் கப்பல் கேப்டன். நீராவிக் கப்பல்கள் வந்தபின் பாய்மரக் கப்பல்காரர்களுக்கு வேலை குறைந்துபோனது. வயல்வெளியில் கிடந்த ஒரு பழைய படகைத் தன் கையாலேயே 13 மாதம் செப்பனிட்டார். செலவு 553 டாலர் 62 சென்ட். சென்ட் வரை கணக்கு எழுதியிருக்கிறார் பாருங்கள், வங்கியில் இருந்தவனுக்கு அது மறக்குமா! படகின் பெயர் ஸ்ப்ரே. நீளம் 37 அடிக்குச் சற்றுக் குறைவு. அதுதான் வீடு, அதுதான் வாகனம். 1895 ஏப்ரலில் பாஸ்டனிலிருந்து புறப்பட்டு, 1898 ஜூனில் உலகைச் சுற்றி முடித்தார். தனி ஆளாகப் படகில் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவர்தான்.

1896 ஜூலையில் பசிபிக் கடலில் சமோவா தீவின் ஆப்பியா துறைமுகத்துக்கு வந்தார். அதற்கு முன் 72 நாள் எங்கும் இறங்கவில்லை. நாமாக இருந்தால் நங்கூரம் போட்டதும் கரைக்கு ஓடியிருப்போம். அவர் படகின் மேல் ஒரு துணிப்பந்தலைக் கட்டி, இரவு வெகுநேரம் வரை அதன் கீழே உட்கார்ந்துவிட்டார். சமோவா மக்களின் பேச்சுக்குரலைக் கேட்டுக்கொண்டே இருந்தாராம்.

பிறகு கரையில் இறங்கினார். 'புதையல் தீவு' எழுதிய ஸ்டீவன்சன் அங்கேதான் வாழ்ந்து 1894-ல் மறைந்தார். அவர் மனைவி ஸ்லோகத்தை வீட்டுக்கு அழைத்து, கணவரின் மேஜையிலேயே உட்கார்ந்து கடிதம் எழுதிக்கொள்ளச் சொன்னார். இவர் மறுத்துவிட்டார். அந்தக் கூடத்துக்குள் வந்ததே போதும் என்றார்.

ஊர்ப் பெரியவர் ஒருவர் அவரிடம் சொன்னதுதான் எனக்குப் பிடித்தது. வெள்ளைக்காரர்களுக்கு டாலர் ஒன்றுதான் தெரியும் என்றாராம். அங்கே மக்களுக்குக் கிழங்கு இருந்தது, மரத்தில் ஈரப்பலா பழுத்தது, மரப்பட்டையிலிருந்து துணி கிடைத்தது. வீட்டுக்குச் செலவு அவர்கள் உழைப்பு மட்டும். கதவுக்குப் பூட்டே கிடையாதாம்.

பணி ஓய்வு பெற்ற மறுநாள் காலையில் நானும் குளித்து, சட்டைப் பையில் பேனாவைக் குத்திக்கொண்டு வாசலில் நின்றேன். எங்கே போவதென்று தெரியவில்லை. அத்தனை வருடம் கவுன்டரில் டோக்கன் எண்ணைப் பார்த்தேனே தவிர, எதிரே நின்றவர் முகத்தைப் பார்க்கவில்லை என்பது அப்போதுதான் உறைத்தது. இங்கேயும் அதே கதைதான். எங்கள் தளத்தில் நாலு வீடு. இரண்டு வீட்டுக்காரர்களின் குரல்கூட எனக்குத் தெரியாது.

கதவில் பூட்டுப் போடாதீர்கள் என்று சொல்ல மாட்டேன், செயலாளர் கோபித்துக்கொள்வார். நாளை முதல் மாலை ஐந்து மணிக்கு நம் வேப்பமரத்தடி பெஞ்சில் உட்காரப்போகிறேன். செல்பேசி வீட்டில் இருக்கும். உங்களுக்கும் ஒழிந்தால் வாருங்கள், பேசிக்கொண்டிருக்கலாம்.