சதுரங்கம் யார் வீட்டுப் பிள்ளைக்கு?

(மணப்பாட்டில் மில் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் மீனவர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



சதுரங்கத்தைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் சிலர் சிரித்தீர்கள். கூலியையும் பஞ்சப்படியையும் விட்டுவிட்டு ராஜா ராணி ஆட்டமா என்று நினைத்திருப்பீர்கள். இதுவும் கூலியைச் சேர்ந்த விஷயம்தான்.

2024 டிசம்பரில் சிங்கப்பூரில், சென்னையைச் சேர்ந்த 18 வயது குகேஷ், சீனாவின் டிங் லிரெனைத் தோற்கடித்து உலக சாம்பியன் ஆனார். நம் எல்லோருக்கும் பெருமைதான். ஆனால் அந்தப் பெருமைக்கு விலை கொடுத்தது யார்? குகேஷின் தகப்பனார் காது, மூக்கு, தொண்டை டாக்டர். மகனோடு நாடு நாடாகப் போவதற்காகத் தம் தொழிலையே நிறுத்தினார். தாயாரின் சம்பளத்தில் வீடு நடந்தது. நண்பர்கள் கை கொடுத்தார்கள். டாக்டர் வீட்டுக்கே இந்தப் பாடு என்றால், உடன்குடிப் பக்கம் பனையேறுகிறவர் வீட்டுப் பிள்ளை என்ன செய்யும்?

பலகையும் காயும் பெரிய விலையில்லை. செலவெல்லாம் பயணத்தில். கிராண்ட் மாஸ்டர் ஆக 2500 தரப்புள்ளி வேண்டும். அது மட்டும் போதாது. பல நாட்டு ஆட்டக்காரர்களும் கிராண்ட் மாஸ்டர்களும் ஆடுகிற பந்தயங்களில், மூன்று தடவையாவது குறித்த தரத்துக்கு ஆடிக் காட்ட வேண்டும். இந்தப் பந்தயங்கள் பல ஐரோப்பாவில் நடக்கின்றன. விமானக் கட்டணம், தங்கும் செலவு, துணைக்கு ஒரு பெரியவர், பயிற்சியாளர் சம்பளம். கணக்குப் போட்டுப் பாருங்கள்!

வேறு வழியே இல்லையா? 1961-ல் இந்தியாவின் முதல் சர்வதேச மாஸ்டரானவர் மானுவல் ஆரோன். மறு ஆண்டு ஸ்டாக்ஹோமில் அவர் கடைசி இடத்தில்தான் வந்தார். ஆனாலும் ஹங்கேரியின் போர்டிஷையும் ஜெர்மனியின் உல்மனையும் வீழ்த்திவிட்டே வந்தார். அந்த ஆரோன் 1972-ல், சென்னை சோவியத் பண்பாட்டு நிலையத்தில், தால் பெயரால் ஒரு சதுரங்கக் கழகம் தொடங்கினார். சிறுவன் விசுவநாதன் ஆனந்த் அங்கேதான் போய் ஆடினான். ஜெயித்தவன் பலகையில் இருப்பான். தோற்றவன் எழுந்து வரிசையின் கடைசிக்குப் போக வேண்டும். எழுந்திருக்க மனமில்லாத பிள்ளைக்கு ஆட்டம் எவ்வளவு சீக்கிரம் வரும், பாருங்கள்! ஆனந்த் 1987-ல் உலக ஜூனியர் சாம்பியன், 1988-ல் இந்தியாவின் முதல் கிராண்ட் மாஸ்டர்.

இன்னொருவரைச் சொல்கிறேன். பெட்ரோசியான். யுத்தக் காலத்தில் தாய் தகப்பனை இழந்து, திபிலிசி நகரத்தில் தெருக்கூட்டிப் பிழைத்த பையன். அவ்வூர்ப் பயனியர் மாளிகையில் பிள்ளைகளுக்குச் சதுரங்கம் சொல்லிக் கொடுத்தார்கள். எப்ராலிட்சே என்ற ஆசிரியர் அவனைத் தயார் செய்தார். தெருக்கூட்டிய அந்தப் பையன் 1963-ல் போத்வின்னிக்கைத் தோற்கடித்து உலக சாம்பியனானான். விளக்குமாறு பிடித்த கைக்கு மூளை குறைவு என்று இனி யாராவது சொல்லட்டும்!

நம் பிள்ளைகளும் ஆடு புலி ஆட்டத்தில் பெரியவர்களை மடக்குகிறவர்கள்தான். ஏழெட்டு வயதில் தொடங்க வேண்டும். நகர்த்துகிற ஒவ்வொரு காயையும் எழுதப் பழக்குங்கள். முதலில் காய் குறைந்த இறுதி ஆட்டம். தோற்ற ஆட்டத்தை அன்றைக்கே திரும்ப வைத்து, எங்கே சறுக்கினோம் என்று பிள்ளையே கண்டுபிடிக்க வேண்டும். போத்வின்னிக் தம் மாணவர்களிடம் இதைத்தான் கண்டிப்பாகக் கேட்டார்; கார்ப்போவும் காஸ்பரோவும் அவரிடம் படித்தவர்கள்.

ஆகவே நாம் கேட்க வேண்டியது இதுதான்: ஊர் நூலகத்தில் மாலையில் ஓர் அறை, ஆறு பலகை, இரண்டு கடிகாரம், சம்பளத்தோடு ஓர் ஆசிரியர். மாவட்டத்தில் ஜெயிக்கிற அரசுப்பள்ளிப் பிள்ளைக்கும், கூடப் போகிறவருக்கும், அன்று இழக்கும் கூலி உட்பட, அரசாங்கமே படி கொடுக்க வேண்டும். மனுவில் இன்று கையெழுத்து வாங்குகிறோம்.

பெண் பிள்ளைகளை வீட்டில் நிறுத்திவிடாதீர்கள். 2023-ல் கிராண்ட் மாஸ்டர் தரத்தைத் தொட்ட வைஷாலி, பிரக்ஞானந்தாவின் அக்காள். அந்த வீட்டில் முதலில் பலகைக்கு முன் உட்கார்ந்தது அந்தப் பெண்தான்.