ஐந்து எண்களும் ஒரு பெட்டியும்

தாயகத்தை விட்டு அயல் மாநிலங்களில் வாழும் நமக்குச் சராசரி என்னும் சொல் புதியதன்று. சராசரிக் கூலி, சராசரி வருமானம் என்று நம்மைப் பற்றிய கணக்குகள் பலவும் ஒற்றை எண்ணில் அடங்கிவிடுகின்றன. அந்த எண் எதனை மறைக்கிறது என்பதை விழிஞ்ஞத்துக் கடற்கரையை வைத்துக் காண்போம்.

திருவனந்தபுரத்திற்குத் தெற்கே உள்ள இவ்வூரில் 2025 மே 2-ஆம் நாள் பெருந்துறைமுகம் தொடங்கிவைக்கப்பட்டது. அதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இது மீனவர் துறை. தென்மேற்குப் பருவக்காற்றின்போது பக்கத்து ஊர்ப் படகுகளும் இங்கே வந்து தொழில் செய்யும். 1947-இல் தோன்றிய மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தின் கிளையொன்றும் இங்குண்டு. அந்நிலையத்தார் சில நாட்களையும் சில படகுகளையும் மாதிரியாகத் தேர்ந்து, மொத்த மீன்பாட்டை மதிப்பிடுகின்றனர்.

இத்துறையில் இரு படகுகள் இருப்பதாகக் கற்பனை செய்வோம். ஒரு மாதத்தில் இரண்டிற்கும் நாட்சராசரி 40 கிலோ. நாட்களை மீன்பாட்டின் ஏறுவரிசையில் அடுக்கி, சிறும எண், முதற் கால்மானம், இடைநிலை, மூன்றாம் கால்மானம், பெரும எண் ஆகிய ஐந்தையும் எடுப்போம். முதற் படகிற்கு 0, 10, 20, 40, 160. மற்றதற்கு 20, 35, 40, 45, 60. முதற் படகினர் பாதி நாட்களில் 20 கிலோவுக்கு மேல் காணவில்லை. சராசரியை மட்டும் நோக்கிக் கடன் தவணை விதிப்பவருக்கு இத்துயரம் புலப்படுமோ?

கால்மானங்களுக்கிடையே ஒரு பெட்டி, இடைநிலையில் ஒரு கோடு, இருபுறமும் நீளும் கோடுகள். இதுவே பெட்டி வரைபடம். அமெரிக்க அறிஞர் ஜான் டூக்கி 1977-இல் வெளியிட்ட நூலால் இது பரவிற்று.

நாள்வாரிக் கணக்கு கைக்கு எட்டாமல், ஐந்து எண்களே கிடைத்தால் என்செய்வது? ‘ஆர்’ என்னும் இலவச மென்பொருளில் ‘பாக்ஸ்பிளாட்’ என்ற கட்டளையிடம் அவற்றைத் தந்தால், அது அவற்றை ஐந்து நாட்களின் மீன்பாடு என்றே கொள்ளும். பெட்டியின் நீளம் 30. அதன் ஒன்றரை மடங்கு 45. ஆகவே 40-உடன் 45 சேர்ந்த 85-ஐக் கடந்த 160, விலகிய தனிப்புள்ளியாகிவிடும், மேற்கோடும் மறையும். ‘பிஎக்ஸ்பி’ என்ற கட்டளையோ, தந்த எண்களை மாற்றாது அப்படியே வரையும். கோடுகள் சிறும, பெரும எண்கள்வரை நீள்கின்றன என்று படத்தின்கீழ் எழுதிவிடல் வேண்டும். இடையில் வேறு விலகிய நாட்கள் இருந்தனவா என்பதை அப்படம் கூறாது.

சராசரியும் திட்டவிலக்கமும் மட்டும் இருப்பின் உண்மையான பெட்டியை வரைய இயலாது. எண்கள் மணிவடிவாகப் பரவின என்று கருதி வரையலாம். கடலோ அவ்வாறு அளந்து கொடுப்பதில்லை.

ஆதலின், நம் கூலியைக் குறித்தோ நம் ஊரார் வருவாயைக் குறித்தோ ஒற்றை எண்ணை எவரேனும் காட்டினால், ஏனைய எண்களையும் கேட்போம். ஐந்து எண்கள் கிடைத்தால், குறைந்த நாட்களில் வாழ்ந்தோரின் நிலையும் படத்தில் இடம்பெறும்.